மஞ்சள் கோட்டுக் கேசட்டின் மூன்றாம் பாட்டு

ஏலப்பாறையில் கபிரியேலை அறியாதவர் குறைவு. தேயிலைத் தொழிற்சாலையின் ரோலர் அறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். வாடிய கொழுந்தை முறுக்கிப் பிழியும் பெரிய உருளைகள் நான்கு அங்கே இருந்தன. அவற்றுள் சுவரை ஒட்டி நின்ற இரண்டாம் எண் உருளை அவருடைய பொறுப்பு. அது நிமிடத்திற்கு நாற்பத்து நான்கு சுற்றுச் சுற்றவேண்டும். கூடினால் இலை சூடேறிவிடும். குறைந்தால் முறுக்கு விழாது. கபிரியேல் உருளையின் இரும்புக் காலில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நிற்பார். பிறகு, “நாப்பத்தி மூணு. பெல்ட்டு தளந்துருக்கு” என்பார். பொறியாளர் கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்தால் நாற்பத்து மூன்றாகத்தான் இருக்கும்.

நான் அந்தத் தோட்டத்துப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன். இப்போது காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடக்கிறோம். ஓய்வு பெற்ற பின்னும் எண்ணும் பழக்கம் அவரை விடவில்லை. பேருந்தின் மழைத்துடைப்பான் நிமிடத்திற்கு எத்தனை முறை அசைகிறது, கோவில் மணி எத்தனை நொடிக்கு ஒரு முறை அடிக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். எங்கேயாவது உட்கார்ந்துவிட்டால் அவருடைய வலது குதிகால் தானாகவே தரையைத் தட்டத் தொடங்கும். அந்தத் தட்டும் நிமிடத்திற்கு நாற்பத்து நான்குதான். ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நானே எண்ணினேன். அவர் வீட்டுத் தரை சிமெண்டு என்பதால் அது யாருக்கும் தொந்தரவாக இருந்ததில்லை.

குடிப்பழக்கம் இல்லாதவர், யாரிடமும் கைநீட்டாதவர், ஞாயிறு பூசை தவறாதவர். ஆனால், ஓர் ஒலிநாடாவின்மேல் அவருக்கு நாற்பது ஆண்டுகளாகப் பொறாமை இருந்தது. அதை அவர் ஒரு முறைகூடக் கேட்டதில்லை என்பதுதான் அந்தப் பொறாமையின் விசித்திரம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து சந்துரு என்ற இளைஞர் தொழிற்சாலை அலுவலகத்திற்கு எழுத்தராக வந்தார். வரும்போதே ஒரு டேப்ரிக்கார்டரும் ஓர் ஆங்கிலக் கேசட்டும் கொண்டுவந்தார். அதன் அட்டையில் மஞ்சள் கோட்டு அணிந்த ஒரு பெண் மழைத்தெருவில் நிற்பாள். அந்தப் பாடகியின் பெயரை எங்கள் ஊரில் ஒருவரும் சரியாக உச்சரித்ததில்லை; எல்லாருக்கும் அது ‘மஞ்சக்கோட்டு’ தான். அந்த நாளில் உலகமெங்கும் விற்ற தொகுப்பு என்று சந்துரு சொல்லுவார்.

அலுவலகத்திற்கும் ரோலர் அறைக்கும் நடுவில், உலர்ந்த தேயிலையிலிருந்து குச்சி பொறுக்கும் அறை இருந்தது. அலுவலகத்திற்கும் அதற்கும் சேர்த்து ஒரே பலகைத் தரை. பன்னிரண்டு பெண்கள் அந்தப் பலகையின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டுகளில் குச்சி பொறுக்குவார்கள். சந்துரு தம் மேசையில் கேசட்டை ஓடவிடுவார். பெண்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். அந்த அறைக்கும் ரோலர் அறைக்கும் நடுச்சுவரில் ஒரு சன்னல் கண்ணாடி பதித்திருந்தார்கள். கண்ணாடிக்கு இப்பால் நான்கு உருளைகளின் இரைச்சல், அப்பால் பாட்டு. ஆகவே, கபிரியேல் அந்தப் பாட்டுகளைக் கேட்டதில்லை, பார்த்திருக்கிறார். உதடுகள் அசைவதையும் தலைகள் ஆடுவதையும் பார்த்திருக்கிறார்.

அந்தப் பெண்களில் ஒருவர் கத்தரீனாள். அவருக்கும் கபிரியேலுக்கும் அப்போதுதான் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாதா கோவிலில் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பாக வாசிக்கும் கல்யாண ஓலையும் முதல் ஞாயிறன்று வாசித்தாகிவிட்டது. அந்த வாரம் வியாழக்கிழமை கபிரியேல் கண்ணாடி வழியே பார்த்தார். குனிந்து குச்சி பொறுக்கிக்கொண்டிருந்த கத்தரீனாள் சட்டென்று நிமிர்ந்து சிரித்தார். மீண்டும் குனிந்தார். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் நிமிர்ந்து அதே சிரிப்பு. இப்படி நான்கு முறை. கபிரியேல் எண்ணினார். எண்ணாமல் அவரால் இருக்க முடியாது.

சந்துருவின் மேசை கண்ணாடிக்குத் தெரியாத மூலையில் இருந்தது. அங்கிருந்து அவர் நிமிடத்திற்கு ஒரு முறை ஏதோ சொல்லுகிறார், அல்லது ஏதோ சைகை காட்டுகிறார் என்று கபிரியேல் முடிவு செய்துகொண்டார். வெள்ளிக்கிழமையும் பார்த்தார், நான்கு முறை. சனிக்கிழமையும் நான்கு முறை.

மூன்றாம் ஞாயிறு ஓலை வாசித்த சாமியார், “இந்தத் திருமணத்திற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று வழக்கம்போல் சொன்னபோது, மாப்பிள்ளையே எழுந்து நிற்கப் பார்த்தாராம். பெஞ்சின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக என்னிடம் சொன்னார். என்ன சொல்லுவது? “அந்தப் பொண்ணு நாலு தடவ சிரிச்சுது சாமி” என்றா?

திருமணம் நடந்தது. இரண்டாண்டில் சந்துரு அரசு வேலை கிடைத்துப் பாலக்காட்டுக்கே போய்விட்டார். கேசட்டும் அவரோடு போயிற்று. ஆனால், கபிரியேல் வீட்டுக்குள் டேப்ரிக்கார்டர் வரவே இல்லை. செய்தி கேட்க ஒரு வானொலி, அவ்வளவுதான். ஒருமுறை கத்தரீனாள் கடைவீதியில் மஞ்சள் நிறக் குடை வாங்கி வந்தார். கபிரியேல் அதே மழையில் நனைந்தபடி திரும்பிப் போய், கறுப்புக் குடையாக மாற்றிக்கொண்டு வந்தார். காரணம் கேட்டதற்கு, “மஞ்ச சீக்கிரம் அழுக்காகும்” என்றார்.

இத்தனையும் அடங்கிக் கிடந்தது. சென்ற ஜூன் மாதத்தில் கிளறிவிட்டது கைபேசி.

பழைய தொழிற்சாலை ஆட்கள் கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் சந்துரு ஒரு செய்தி போட்டார்: ஆகஸ்டு மாதம் கோவில் மண்டபத்தில் எல்லாரும் கூடுவோம், நான் வருகிறேன், மஞ்சள் கோட்டுப் பாட்டுகளைக் கொண்டுவருகிறேன். கபிரியேலின் இளைய மகள் டின்சி எறணாகுளத்தில் செவிலியாக இருக்கிறாள். விடுமுறையில் வந்திருந்தவளிடம் கத்தரீனாள் கேட்டார்.

“ஏட்டி டின்சி, சந்துரு சாரு மஞ்சக்கோட்டுப் பாட்டுன்னு போட்டிருக்காருல்லா. உன் போன்ல அது கெடைக்குமா பாரு.”

டின்சி தேடிப் பார்த்தாள். “அம்மோ! இதா? இது இப்பப் பயங்கர ஹிட்டும்மா. நாப்பது வருசம் ஆச்சுன்னு திரும்ப எறக்கிருக்காங்க. எங்க ஹாஸ்டல்ல பிள்ளைங்க எல்லாம் இதத்தான் கேக்குது. நீ அப்பவே கேட்டியா? ஆளு கொள்ளாமே!” என்று மலையாளம் கலந்து மெச்சினாள்.

சிறிய ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. மூன்றாம் பாட்டு வந்ததும் கத்தரீனாள் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். எதையோ எதிர்பார்ப்பவர்போல் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். பாட்டு முடிந்துவிட்டது.

“பாட்டு அதே பாட்டுதான். ஆனா என்னமோ கொறையுதுட்டி.”

“என்ன கொறையுது?”

“தெரியலயே. உள்ள ஒண்ணு இருக்கும். அது இதுல இல்ல.”

“சந்துரு சாரு கொறையுதோ?”

“ஏட்டி போ, எருமை!” என்று கத்தரீனாள் சிரித்தார்.

பாலில்லாத கட்டன் சாயாவோடு வாசற்படியில் நின்றிருந்த கபிரியேல் சிரிக்கவில்லை. சாயாவை ரோஜாத் தொட்டியில் ஊற்றிவிட்டு என் வீட்டுக்கு வந்தார். நான் நாளிதழை மடித்து வைக்குமுன்பே கேட்டார்.

“சார், ஒரு பாட்டுக்குள்ள ஒரு ஆளு இருக்க முடியுமா?”

எனக்கு விளங்கவில்லை. அன்றுதான் கண்ணாடி, நான்கு சிரிப்பு, மஞ்சள் குடை எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்து நான், “அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“கேட்டா அந்த ஆளு பேரு வருமே, சார். அந்தச் சிரிப்ப எனக்கு ஒருக்காகூட அவ சிரிச்சதில்ல. எத்தனையோ சிரிப்புச் சிரிச்சிருக்கா. அது வேற. இப்ப அவன் வாரான். வந்து, கொறையுதுன்னு சொன்னாள்ல, அது அவன் வந்தா நெறஞ்சிருச்சுன்னா? அவ நிமிந்து அதே மாதிரி சிரிச்சுட்டான்னா? நாப்பது வருசம் நான் நெனச்சது சரின்னு ஆயிரும்.”

இதுவே அவருக்கு முன்னிருந்த கேள்வி. ஆகஸ்டு இருபத்து நான்காம் நாள் கத்தரீனாள் சிரிப்பாரா, மாட்டாரா?

குற்றம் சாட்டுவதற்கு முன் எதிர்த்தரப்பைக் கேட்பது முறையல்லவா என்று நான் சொன்னதால், மறுநாள் முதல் நடைக்கு நடுவே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, என் கைபேசியில் காதுக்கருவி பொருத்தி, அந்தத் தொகுப்பை அவர் கேட்கலானார். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. குறை கண்டுபிடிப்பதற்காகவே கேட்டார்.

முதல் நாள்: “இந்தப் பொம்பள மூச்சே விடாமப் பாடுது. ஆஸ்துமா வந்துரும்.” இரண்டாம் நாள்: “நடுவுல யாரோ தகரத்தத் தட்டுதான்.” மூன்றாம் நாள் காதுக்கருவியைக் கழற்றியபின், “நிமிசத்துக்குத் தொண்ணூறு” என்றார். நான்காம் நாள், முறைப்படி நான்காம் பாட்டைப் போட்டேன். “அத அப்புறம் கேக்கலாம், சார். மூணாவதத் திரும்பப் போடுங்க” என்றார்.

இரண்டாம் வாரத்தில் நான் காத்திருக்க, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் நடை பேருந்து நிறுத்தத்தோடு நின்றுபோயிற்று. இரண்டாம் பாட்டில் தகரம்போலக் கேட்டது உண்மையில் எவ்வளவு சரியான இடத்தில் விழுகிறது என்று எனக்கு விளக்கினார். ஆறாம் பாட்டின் முடிவில் அந்தப் பெண் குரலைத் தணிக்கும் இடத்தில் கண்களை மூடிக்கொண்டார். பாடகி இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்தார். இருக்கிறார் என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது. ஆங்கிலத்தில் பத்துச் சொல் தெரியாதவர், பத்துப் பாட்டுகளின் வரிசையையும் மனப்பாடமாகச் சொன்னார்.

பொறாமை குறைந்துவிடும் என்று நான் எண்ணினேன். அது கிளைவிட்டது. தபால்காரர் பினுவும் அந்தத் தொகுப்பைக் கேட்கிறார் என்று நான் வாய்தவறிச் சொன்னபோது, “அவனுக்கு என்ன தெரியும்?” என்று சீறினார். நான் தெரியாத்தனமாக அந்தப் பாட்டை முணுமுணுத்தபோது, “அது அப்பிடி இல்ல, சார். விட்ருங்க” என்றார். ஒருநாள் சொன்னார்.

“இவ்வளவு நல்ல பாட்ட அவ நாப்பது வருசம் தனியா வச்சிருந்திருக்கா. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னேன். அவன் கேட்டான். அவகூட உக்காந்து பொறுக்குன மாரித்தாய் கேட்டா. குச்சி பொறுக்குன அத்தன பேரும் கேட்டாங்க. நான் மட்டும் கேக்கல.”

வீட்டில் இதைப்பற்றி அவர் மூச்சு விடவில்லை. கத்தரீனாள் பாட்டைப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். சன்னலுக்கு வெளியே நின்று கேட்பார்.

ஆகஸ்டு இருபத்து நான்கு வந்தது. மண்டபத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் வெந்துகொண்டிருந்தன. நாற்காலி போதவில்லை, ஆகவே பழைய குச்சி பொறுக்கும் பெண்கள் மேடையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அது பலகை மேடை. கபிரியேல் திருமணத்திற்குத் தைத்ததுபோல் வெள்ளைச் சட்டையும் தோல் செருப்பும் அணிந்து பின்வரிசையில் நின்றார்.

சந்துரு வந்தார். தலைமுடி முழுவதும் போய், பூனைமுடிபோல் காதோரம் மட்டும் மிஞ்சியிருந்தது. கனத்த ஒலிபெருக்கியைக் கீழே சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு, எல்லாரையும் பெயர் சொல்லி விசாரித்தார்.

“ஏனுங்க கத்தரீனா, நல்லா இருக்கறீங்களா? ஊட்டுக்காரரு எங்கீங்க? அடடே, கபிரியேலண்ணனுங்களா! அப்படியே இருக்கறீங்களே!”

“ஆமா. அப்பிடியேதான் இருக்கேன்” என்றார் கபிரியேல். என் பக்கம் திரும்பி, “மயிரு போயிருச்சு, கவனிச்சீங்களா?” என்றார்.

இரண்டு பாட்டுகள் ஓடின. மூன்றாவதற்கு முன் சந்துரு நிறுத்தினார்.

“ஒண்ணு சொல்லோணுமுங்க. இந்த மூணாவது பாட்டுல அந்தக் காலத்துல உள்ளுக்குள்ள ஒரு அடி கேக்குமுங்க. இங்கிருந்து போனதுமே அந்தக் கேசட்டு அறுந்துருச்சுங்க, அதுக்கப்புறம் மூணு தடவ இதே பாட்ட வாங்கிட்டனுங்க. தட்டு, சீடி, இப்ப வந்த புதுசு. ஒண்ணுலயும் அது இல்லீங்க.”

மேடையிலிருந்து கத்தரீனாள் கையைத் தூக்கினார். “அதேதான் சார்! நான் பிள்ளைட்ட அதத்தான் சொன்னேன். என்னமோ கொறையுதுன்னு!”

“எனக்கு ஒரு கொறையும் தெரியல” என்றார் மாரித்தாய். “உங்க ரெண்டு பேருக்கும் காதுதான் கொறஞ்சிருச்சு.”

மண்டபம் சிரித்தது. கபிரியேல் என் முழங்கையைப் பிடித்தார், வலித்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, நாற்பது பேர் முன்னிலையில், அந்த இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்று ஆகிவிட்டது.

பாட்டு தொடங்கியது. நின்று பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கத்தரீனாளுக்கும் சந்துருவுக்கும் நடுவே பார்வை மறையும்படி மேடை விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வலது குதிகால் மேடையின் பக்கப் பலகையைத் தட்டத் தொடங்கியது.

ஒரு நிமிடம்கூட ஆகியிராது. கத்தரீனாள் சட்டென்று நிமிர்ந்தார். சிரித்தார்.

கபிரியேல் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். சந்துரு எங்கே என்று திரும்பிப் பார்த்தார். சந்துரு ஒலிபெருக்கியோடு குனிந்து போராடிக்கொண்டிருந்தார். மீண்டும் மனைவியைப் பார்த்தார். கத்தரீனாள் உள்ளங்கையைப் பலகையின்மேல் வைத்து, அது எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

கபிரியேல் குதிகாலை நிறுத்தினார். சிரிப்பு போயிற்று. மறுபடியும் தட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். ஒரு நிமிடத்தில் கத்தரீனாள் மீண்டும் நிமிர்ந்தார்.

கபிரியேல் தம் கணக்கைப் பின்னர் எனக்கு இவ்வாறு சொன்னார். பாட்டின் தாளம் நிமிடத்திற்குத் தொண்ணூறு. இரண்டிரண்டாக எடுத்தால் நாற்பத்தைந்து. இரண்டாம் எண் உருளை நாற்பத்து நான்கு; அவர் குதிகாலும் அதேதான். உருளை சுவரை ஒட்டி நின்றதால் அதன் அதிர்வு பலகைத் தரைக்குள் இறங்கி, உட்கார்ந்திருந்தவர்களின் உடம்பில் ஏறியது. ஒன்று வித்தியாசம் என்பதால், இரண்டு அடியும் மெல்ல விலகிப்போய், நிமிடத்திற்கு ஒரு முறை சரியாக ஒன்றன்மேல் ஒன்று விழும். பாட்டு நான்கு நிமிடம். எனவே நான்கு சிரிப்பு. பலகைமேல் இருந்தவர்கள் அந்த அடியைப் பாட்டின் பகுதி என்றே நினைத்துவிட்டார்கள். அந்த உருளையை ஓட்டியவருக்கோ பாட்டு கேட்கவில்லை.

பாட்டு முடிந்ததும் சந்துரு வந்தார். “ஏனுங்க கத்தரீனா, மூஞ்சியப் பாத்தா அந்த அடி கெடச்சாப்ல இருந்துச்சே? என்னங்க அது?”

கத்தரீனாள் வாய் திறந்தார். கபிரியேல் அவர் கையை அழுத்தினார்.

“மேடப் பலக லூசா கெடக்கு, சார். வேற ஒண்ணுமில்ல” என்றார். “சாப்பிடப் போவோம். மீனு ஆறிரும்.”

அன்று மாலை வீட்டில் நடந்த பேச்சைக் கணவன் மனைவி இருவரும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன.

“அப்ப நீ யாரப் பாத்துச் சிரிச்ச?”

“யாரையும் பாக்கல. அது பிரிஞ்சு போயி, பொறவு வந்து சேரும். சேருத எடத்துல சிரிப்பு வரும். அவ்வளவுதான்.”

“சந்துரு அப்ப என்ன செஞ்சுக்கிட்டிருந்தான்?”

“எனக்கு என்ன தெரியும்? அந்த மூலைக்கு நான் முதுகக் காட்டிக்கிட்டுல்லா உக்காந்திருப்பேன்.”

கபிரியேலுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு கேட்டார். “என்னையும் பாக்கலல்லா?”

“நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொறச்சுக்கிட்டு நின்னீங்க. அதப் பாத்து யாரு சிரிப்பா?”

மறுவாரமே மர அறுவை ஆலையிலிருந்து ஒரு பழைய பலகையை வாங்கி, வீட்டு முன்னறையில் இரண்டு கட்டைகளின்மேல் போட்டார். மாலையில் மூன்றாம் பாட்டைப் போட்டுவிட்டுக் கத்தரீனாள் அதன்மேல் சம்மணமிட்டு உட்காருவார். கபிரியேல் மறுமுனையில் உட்கார்ந்து தட்டுவார். ஒருநாள் நான் போயிருந்தபோது உட்காரட்டுமா என்று கேட்டேன். “நீங்க நாற்காலியில இருங்க, சார்” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சென்ற மாதம் சந்துரு குழுவில் எழுதியிருந்தார். அந்தத் தொகுப்பின் முதல் பதிப்பு இசைத்தட்டு வெளிநாட்டில் ஓரிடத்தில் இருக்கிறதாம்; வரவழைக்கப் போகிறாராம்; அதில் அந்த அடி நிச்சயம் இருக்குமாம். கத்தரீனாள் படித்துவிட்டு, “பாவம் மனுசன். சொல்லிரலாம்ல?” என்றார்.

கபிரியேல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி விடை அனுப்பினார்: “நல்ல விசயம். வந்ததும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.”

இதை எழுத அவர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. சந்துருவுக்குத் தமிழ்ப் பத்திரிகை வாங்கும் வழக்கம் உண்டா என்று பாலக்காட்டில் இரண்டு பேரிடம் விசாரித்து, இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே, “சரி, எழுதுங்க சார்” என்றார்.